ஓர் அறைக்குள் ஒரு டேட்டா சென்டர்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் எக்ஸ்மவுத் என்றொரு கடலோர ஊர் இருக்கிறது. அங்குள்ள பொது நீச்சல் குளத்தில் 2023-இல் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். துணி துவைக்கும் இயந்திரத்தின் அளவுதான் இருக்கும். உள்ளே எண்ணெயில் மூழ்கியபடி கணினிகள் ஓடுகின்றன. அவற்றின் சூட்டை எண்ணெய் வாங்கிக்கொள்கிறது, எண்ணெயிடமிருந்து குளத்துத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. தண்ணீரை 30 டிகிரி அளவில் வைத்திருக்க, நூற்றுக்கு அறுபது பங்கு நேரம் அந்தச் சூடே போதும் என்றார்கள். பெட்டியை வைத்த டீப் கிரீன் நிறுவனத்துக்குக் குளிரூட்டும் செலவு மிச்சம். குளத்துக்கு எரிவாயுச் செலவு மிச்சம்.

அந்தப் பெட்டியும் ஒரு டேட்டா சென்டர்தான். சர்வர் (மற்றக் கணினிகளுக்குச் சேவை தரும் கணினி), மின்சாரம், சூட்டை வெளியேற்ற ஒரு வழி, நெட்வொர்க், இவை எல்லாவற்றையும் கவனிக்க ஓர் ஆள். இவ்வளவும் ஓர் இடத்தில் சேர்ந்தால் அளவு எதுவானாலும் அதன் பெயர் அதுதான்.

சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி, 2024-இல் உலகின் டேட்டா சென்டர்கள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 415 டெராவாட்-மணி மின்சாரத்தைச் செலவழித்தன. உலக மின் நுகர்வில் இது ஒன்றரை சதவீதம். இவ்வளவும் தேவையா என்ற பெரிய கேள்வியை இங்கே எடுக்கவில்லை. ஒரு பள்ளியின் பாடக் கோப்புகள், ஒரு சிறு மருத்துவமனையின் நோயாளிக் குறிப்புகள், முப்பது பேர் வேலை செய்யும் அலுவலகத்தின் கணக்கு மென்பொருள் ஆகியவை நூற்றுக்கணக்கான மைல் போய்த் திரும்ப வேண்டியதில்லை என்பது மட்டும் எனக்கு நிச்சயம். அவற்றை ஓர் அறையில், சில நூறு வாட்டில், நன்றாகவே ஓட்டலாம். எப்படித் தொடங்குவது என்பதைத்தான் எழுதுகிறேன்.

எது இங்கே ஓடும், எது ஓடாது

பெரிய மையத்தை அப்படியே சுருக்கி வைக்கப் பார்த்தால் தோற்றுப்போவீர்கள். மையத்துக்கு வரும் மொத்த மின்சாரத்தைக் கணினிகளுக்கு மட்டும் போகும் மின்சாரத்தால் வகுத்தால் பி.யு.இ. என்ற எண் கிடைக்கும். 1 என்றால் ஒரு வாட்கூட வீணாகவில்லை என்று பொருள். கூகுளின் பெரிய மையங்களில் இது சராசரியாக 1.1-ஐ ஒட்டி இருக்கிறது. சாதாரண அலுவலக அறையில் ஏசி போட்டு சர்வரை ஓட்டினால் சுலபமாக 2-ஐத் தொட்டுவிடும். அந்தப் போட்டியில் நாம் ஜெயிக்க முடியாது.

நம்முடைய பலம் வேறு இடத்தில் இருக்கிறது. யார், எப்போது, எதற்காக இந்தக் கணினியைப் பயன்படுத்துகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். இரவு பத்து மணிக்கு மேல் யாரும் தொடமாட்டார்கள் என்றால் பாதிப் பெட்டிகளை அணைத்து வைக்கலாம். இணையம் அறுந்தாலும் கட்டடத்துக்குள் இருப்பவர்களின் வேலை நிற்காது. குளிர்ப் பிரதேசமாக இருந்தால் சூட்டைப் பக்கத்து அறைக்கே கொடுத்துவிடலாம்.

கோப்புச் சேமிப்பு, உள் இணையதளம், கேமராப் பதிவுகள், கணக்கு மற்றும் நூலக மென்பொருள்கள், இன்னொரு இடத்தின் பேக்கப் (மாற்று நகல்) எல்லாம் இங்கே நன்றாக ஓடும். சின்ன அளவில் செயற்கை நுண்ணறிவும் ஓடும். 800 கோடி பாராமீட்டர் (பயிற்சியில் கற்றுக்கொண்ட எண்கள்) கொண்ட ஒரு மொழி மாதிரியை, எண் ஒன்றுக்கு 4 பிட்டாகச் சுருக்கினால் சுமார் 5 ஜிபி நினைவகத்தில் அடங்கிவிடும். அப்படி ஒரு மாதிரியைப் புதிதாகப் பயிற்றுவிக்க நினைத்தால் அது இந்த அறையின் வேலை இல்லை. ஒரே நாளில் லட்சம் பேர் வந்து குவியக்கூடிய பொதுத் தளமும் இல்லை. அவற்றுக்குப் பெரிய மையத்தில் இடம் வாடகைக்கு எடுப்பதுதான் சரி. இரண்டையும் கலந்து வைத்துக்கொள்வதில் ஒரு தவறும் கிடையாது.

முதல் படி: நோட்டும் மீட்டரும்

சர்வர் வாங்குவதற்கு முன்னால் இரண்டு பொருள் வாங்குங்கள்: ஒரு நோட்டுப் புத்தகம், பிளக்கில் செருகிப் பார்க்கும் சின்ன வாட் மீட்டர்.

ஒரு வாரம் எதையும் வாங்காமல் கவனியுங்கள். ஓட்ட நினைக்கும் ஒவ்வொரு சேவைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள்? எந்த நேரத்தில்? மாதத்துக்கு எத்தனை ஜிபி கூடுகிறது? இது நின்றுபோனால் எவ்வளவு நேரம் தாங்கும்? பட்ஜெட் முழுவதும் நான்காவது கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது. அரை நாள் நின்றால் பரவாயில்லை என்ற பதில் வரும் சேவைக்கு ஜெனரேட்டரும் வேண்டாம், இரட்டை இணைப்பும் வேண்டாம். எல்லாவற்றுக்கும் “ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது” என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பயனாளர்களிடம் கேட்காமலே எழுதுகிறார்கள். போய்க் கேளுங்கள்.

அடுத்தது வாட் கணக்கு. சின்ன மினி கணினிகள் மூன்று, சராசரியாக ஒவ்வொன்றும் 25 வாட். நான்கு டிஸ்க் போட்ட சேமிப்புப் பெட்டி 45 வாட், கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் 20, ரவுட்டர் 10. மொத்தம் 150 வாட். வருடத்துக்கு 8,760 மணி நேரம். ஆக 1,314 யூனிட். இப்போது அந்த மினி கணினிகளுக்குப் பதிலாக, மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ரேக் சர்வர்கள் (இரும்புச் சட்டத்தில் அடுக்கும் பெரிய சர்வர்கள்) மூன்று வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பழைய சர்வர் ஒன்று சும்மா இருக்கும்போதே 150 வாட் இழுப்பது சகஜம். மொத்தம் 525 வாட் ஆகிவிடும், வருடத்துக்கு 4,599 யூனிட். அந்தச் சூட்டை வெளியேற்ற ஏசி இழுப்பது தனி. வாங்கும்போது மிச்சம் பிடித்த பணம் மின்கட்டணத்தில் போய்விடும். நினைவகம் நிறைய வேண்டும், டிஸ்க் பத்துப் பன்னிரண்டு வேண்டும் என்றால் மட்டும் பழைய சர்வர் பக்கம் போங்கள்.

அறை

சர்வருக்குள் போகும் ஒவ்வொரு வாட்டும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். எனவே வாட் கணக்கு தெரிந்தால் சூட்டுக் கணக்கும் தெரிந்த மாதிரி. ஒரு டன் ஏசி சுமார் 3.5 கிலோவாட் சூட்டை வெளியேற்றும். 150 வாட்டுக்கு ஏசியே தேவையில்லை, காற்று வந்துபோகும் அறையும் தூசி வடிகட்டியோடு ஒரு வெளியேற்றும் ஃபேனும் பெரும்பாலும் போதும். சர்வர் அறை பனிக்கட்டி மாதிரி இருக்க வேண்டும் என்பது பழைய நம்பிக்கை. சர்வரின் முன்பக்கம் உள்ளே போகும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருக்கலாம் என்பது அமெரிக்கப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் பரிந்துரை. அறையின் நடுவில் தொங்கும் வெப்பமானி அந்தக் காற்றைக் காட்டாது. சர்வரின் முகத்துக்கு முன்னால் கையளவு தூரத்தில் உணரியை வையுங்கள்.

பெட்டிகள் எல்லாம் முன்னால் குளிர்ந்த காற்றை இழுத்துப் பின்னால் சூடான காற்றைத் தள்ளுபவை. பின்னால் வந்த காற்று சுற்றி மறுபடி முன்னால் போகாமல் தடுத்தாலே பாதி வேலை முடிந்தது. ரேக்கில் காலியாக இருக்கும் இடங்களைத் தகடு வைத்து மூடுங்கள். தகடு கிடைக்கவில்லையென்றால் தீப்பற்றாத அட்டையை அளவாக வெட்டிச் செருகினாலும் நடக்கும்.

அரை ரேக் நிரம்பி 2 கிலோவாட் ஓடும் அறை என்றால் கவலைப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கரண்ட் போகிறது. யுபிஎஸ் சர்வர்களைத் தாங்கிக்கொள்கிறது. ஏசி யுபிஎஸ்ஸில் இல்லை, அது நின்றுவிடுகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் மூன்று மீட்டர் உள்ள அறையில் 27 கன மீட்டர் காற்றுதான் இருக்கிறது. 2 கிலோவாட் சூடு அந்தக் காற்றை மட்டும் சூடேற்றினால் பதினாறு விநாடிக்கு ஒரு டிகிரி ஏறும். சுவரும் சாமான்களும் உறிஞ்சிக்கொள்வதால் நடைமுறையில் இன்னும் மெதுவாகத்தான் ஏறும் என்றாலும், யுபிஎஸ் ஒரு மணி நேரம் தாங்குவதைப் பெருமையாக நினைக்க இடமில்லை. அந்த ஒரு மணி நேரம் அறை அடுப்பாக இருக்கும். ஏசி நின்ற சில நிமிடங்களில் முக்கியமில்லாத சர்வர்கள் தாமாக அணைந்துவிடும்படி வைப்பதே நல்லது.

அப்புறம் தண்ணீர். நான் முதன்முதலில் பார்த்துக்கொண்ட அறையில் ஏசியின் உள்பெட்டி ரேக்குக்கு நேர் மேலே இருந்தது. எனக்கு முன்னால் யாரோ மாட்டியது, குளிர்காற்று நேராக விழட்டும் என்ற எண்ணமாக இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை வடிகுழாயில் பாசி அடைத்துக்கொண்டது. திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தபோது ரேக்கின் மேல்தகட்டில் தண்ணீர் தேங்கி, ஓரத்தில் ஒரு சொட்டு விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. மேல் தட்டில் இருந்த ஸ்விட்ச் ஏற்கெனவே செத்துப்போயிருந்தது. அதற்குக் கீழே சேமிப்புப் பெட்டி. அன்றைக்கு அந்த ஒரு சொட்டைத் துணியால் துடைத்தபோது என் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. ஏசி, தண்ணீர்க் குழாய், கழிவறைச் சுவர் எதுவும் ரேக்குக்கு மேலே இருக்கக் கூடாது. தரையிலும் தண்ணீர் உணரி ஒன்றைப் போட்டு வையுங்கள், மிக மலிவான பொருள்தான்.

மின்சாரம்

யுபிஎஸ் அட்டையில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) கணக்கு. உங்களுக்கு வேண்டியது வாட் கணக்கு, அது சின்ன எழுத்தில் இருக்கும், எண்ணும் சிறியதாக இருக்கும். மீட்டரில் பார்த்த வாட் அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டும் அளவுக்கு வாங்கினால் போதும்.

யுபிஎஸ்ஸின் வேலை சர்வரை மணிக்கணக்கில் ஓட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். முறையாக அணைய நேரம் கொடுப்பதுதான் அதன் முதல் வேலை. யுபிஎஸ்ஸிலிருந்து ஒரு யுஎஸ்பி கம்பி சர்வருக்குப் போக வேண்டும். “பேட்டரி குறைகிறது” என்று அது சொன்னதும் சர்வர்கள் வரிசையாக அணைய வேண்டும். நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும். இந்தக் கம்பி பெட்டியிலேயே பிரிக்கப்படாமல் கிடப்பதை எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறேன்.

ஈய-அமில பேட்டரி 25 டிகிரியை ஒட்டி இருந்தால்தான் சொன்ன ஆயுளைத் தரும். அதற்கு மேல் பத்து டிகிரி ஏறினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். எனவே யுபிஎஸ்ஸை ரேக்கின் அடித்தட்டில் வையுங்கள். கனமும் கீழே இருக்கும், காற்றும் குளிர்ச்சியாக இருக்கும். பேட்டரி உப்பியிருப்பது தெரிந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். எர்த்திங்கை ஓர் எலக்ட்ரீஷியனிடம் அளந்து எழுதி வாங்குங்கள். அறை வாசலில் மின்தீக்குப் பயன்படும் கார்பன் டை ஆக்சைடு அணைப்பான் ஒன்று இருக்கட்டும். சின்ன அறையில் அந்த வாயு மூச்சை அடைக்கும், அடித்ததும் வெளியே வந்துவிட வேண்டும் என்பதையும் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

மூன்று பெட்டிகள்

ஒரே மாதிரியான சிறிய கணினிகள் மூன்று. என் பரிந்துரை இதுதான். ஒன்று இருந்தால் அது பழுதானதும் எல்லாம் நின்றுவிடும். இரண்டு இருந்தால் இடையில் கம்பி அறுந்தவுடன் இரண்டுமே “நான்தான் உயிரோடு இருக்கிறேன்” என்று நினைத்துக்கொண்டு ஒரே தரவின் மேல் எழுதக்கூடிய ஆபத்து உண்டு. மூன்று இருந்தால் பெரும்பான்மை என்று ஒன்று கிடைக்கிறது. இரண்டு சேர்ந்து மூன்றாவதை ஒதுக்கிவிட்டு வேலையைத் தொடரும். மூன்றும் ஒரே மாடலாக இருந்தால் ஒன்றின் உறுப்பை இன்னொன்றுக்கு மாற்றலாம்.

ஒரு கணினியைப் பல கணினிகள்போல் பிரித்துக் காட்டும் ப்ராக்ஸ்மாக்ஸ் போன்ற இலவச மெய்நிகராக்க மென்பொருளை நிறுவினால், ஒவ்வொரு சேவையையும் தனித்தனி மெய்நிகர் கணினியாக வைக்கலாம், ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தலாம். டிஸ்க்குகளை இசட்எஃப்எஸ் கோப்பமைப்பில், ஒரே தரவு இரண்டிலும் இருக்கும்படி, இரட்டையாக வையுங்கள். எழுதியதும் படித்ததும் ஒன்றுதானா என்று அது தானே சரிபார்க்கும். அதே அளவில் ஒரு டிஸ்க்கை வாங்கி, பிரிக்காமல் அலமாரியில் வையுங்கள். டிஸ்க் சாகும் நாள் பெரும்பாலும் கடை மூடியிருக்கும் நாளாகத்தான் வந்து சேரும்.

வெளியே போகும் வழி

இணைய இணைப்பில் இறங்கு வேகத்தைத்தான் விளம்பரம் செய்வார்கள். நமக்கு ஏறு வேகம் (அப்லோடு) முக்கியம். ஏறு வேகம் 100 மெகாபிட் என்றால் ஒரு டெராபைட்டை அனுப்ப முழுதாக 22 மணி நேரம் ஆகும். பேக்கப் திட்டம் போடும்போது இந்தக் கணக்கு கை கொடுக்கும்.

நிலையான ஐபி முகவரி கிடைக்குமா, அல்லது பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே முகவரியைப் பகிர்ந்து கொடுக்கிறார்களா என்று முதலிலேயே கேளுங்கள். பகிர்ந்த முகவரி என்றால் வெளியிலிருந்து நேராக உள்ளே வர முடியாது. எப்படியிருந்தாலும், வெளியிலிருந்து வேலை செய்பவர்கள் வயர்கார்டு போன்ற வி.பி.என். (இணையத்துக்குள் பூட்டிய தனிப் பாதை) வழியாகவே வரட்டும். சர்வரைத் தொலைவிலிருந்து ஆன் செய்ய உதவும் நிர்வாகப் போர்ட்டை எந்தக் காரணத்துக்காகவும் இணையத்துக்குத் திறந்துவைக்காதீர்கள். அதைத் திறப்பதும் அறைச் சாவியை வாசலில் தொங்கவிடுவதும் ஒன்றுதான். இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்குபவர்கள், இரண்டு கம்பிகளும் ஒரே கம்பத்தில் வருகின்றனவா என்று தெருவில் இறங்கிப் பார்த்துவிடுங்கள்.

நகல்

சிறிய மையம் எளிதாகத் தோற்கக்கூடிய இடம் இது. நன்றாகச் செய்தால் பெரிய மையத்தை விடவும் பத்திரமாக இருக்கக்கூடிய இடமும் இதுதான்.

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் ஐந்து மாடி டேட்டா சென்டர் ஒன்று முழுவதும் எரிந்தது. பேக்கப் வைத்திருந்தும் தரவை இழந்தவர்கள் உண்டு, அந்த பேக்கப்பும் அதே இடத்தில்தான் இருந்தது. 2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவின் டேஜான் நகரில் அரசின் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரியிலிருந்து தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளை வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பில் 858 டெராபைட் இருந்தது. வேறிடத்தில் நகல் இல்லாததால் எல்லாம் அழிந்தது. கட்டடம் எவ்வளவு பெரியது என்பது நெருப்புக்கு ஒரு பொருட்டே இல்லை.

பேக்கப் துறையில் 3-2-1 என்று ஒரு கணக்கு உண்டு. மூன்று நகல், இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வெளியூரில். இரட்டை டிஸ்க் இதில் ஒரு நகலாகத்தான் சேரும். தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழிந்துவிடும். இரண்டாவது நகல், அறையிலேயே வேறொரு பெட்டியில், வேறு கடவுச்சொல்லோடு இருக்கட்டும். மூன்றாவதற்கு ஒரு தோழமை மையத்தைத் தேடுங்கள்.

உங்களைப் போலவே ஓர் அறை வைத்திருக்கும் இன்னொரு நிறுவனம் வேறு ஊரில் இருக்கும். அவர்களுடைய நகலுக்கு நீங்கள் ஒரு டிஸ்க் ஒதுக்குங்கள், உங்களுடையதற்கு அவர்கள் ஒதுக்கட்டும். அனுப்பும் முன்பே பூட்டாக்கம் (என்கிரிப்ஷன்) செய்துவிட்டால் அவர்களால் உங்கள் கோப்பைப் படிக்க முடியாது. முதல் நகலை மட்டும் டிஸ்க்கில் எடுத்துக்கொண்டு நேரில் போய்க் கொடுங்கள், அதன் பிறகு அன்றன்றைக்கு மாறியது மட்டும் இரவில் போய்ச் சேரும். பூட்டாக்கத்தின் திறவுகோலைக் காகிதத்தில் அச்சிட்டு வேறு கட்டடத்தில் வையுங்கள். திறவுகோல் சர்வருக்குள்ளேயே இருந்து சர்வர் எரிந்துபோனால் நகல் இருந்தும் இல்லாததுதான்.

சிறிய மையங்கள் பெரியவற்றுக்கு மாற்றாக முடியும் என்று நான் நம்புவது இந்த இடத்தில்தான். தனியாக நிற்கும் ஓர் அறை பலவீனமானது. ஒன்றுக்கொன்று நகல் வைத்துக்கொள்ளும் நான்கு அறைகளை ஒரே தீ எரிக்க முடியாது.

மாதம் ஒரு முறை ஏதாவது ஒரு கோப்பை நகலிலிருந்து மீட்டுத் திறந்து பாருங்கள். வருடம் ஒரு முறை ஒரு முழு மெய்நிகர் கணினியை மீட்டு ஓடவிட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத நகலை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

ஆட்கள்

குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் தெரிந்த மையம் அவருடைய முதல் நீண்ட விடுமுறையில் நின்றுவிடும். எந்தக் கம்பி எங்கே போகிறது, எந்த வரிசையில் அணைப்பது, எந்த வரிசையில் எழுப்புவது என்பதைக் காகிதத்தில் எழுதி ரேக்கின் கதவில் ஒட்டுங்கள். கணினிக்குள் மட்டும் இருக்கும் குறிப்பு, கணினி விழுந்த அன்று கிடைக்காது. சூடு, டிஸ்க் நிலை, மீதி இடம், நேற்றைய பேக்கப் ஆகிய நான்கும் தினமும் ஒரு குறுஞ்செய்தியாக இருவருக்கும் வரட்டும். செய்தி வராத நாளும் ஓர் எச்சரிக்கைதான்.

கரண்டை நிறுத்திப் பாருங்கள்

எல்லாம் ஓடத் தொடங்கி ஒரு மாதம் ஆனதும் ஒரு விடுமுறை நாளைத் தேர்ந்தெடுங்கள். பயனாளர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பேக்கப் முடிந்ததை உறுதி செய்துகொண்டு, இருவரும் அறையில் நின்று, சுவரில் இருக்கும் பிரேக்கரை இறக்குங்கள்.

யுபிஎஸ் அலறத் தொடங்கும். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து எழுதட்டும், இன்னொருவர் எதையும் தொடாமல் கவனிக்கட்டும். எந்த நிமிடத்தில் முதல் சர்வர் அணைந்தது, சேமிப்புப் பெட்டி கடைசியாகத்தான் அணைந்ததா, அதற்குள் சூடு எத்தனை டிகிரி ஏறியது, குறுஞ்செய்தி வந்ததா, ரவுட்டர் யுபிஎஸ்ஸில் இல்லாததால் அது வரவே இல்லையா. எல்லாம் அணைந்து அறை முழுக்க அமைதியானதும் பத்து நிமிடம் காத்திருந்து பிரேக்கரை ஏற்றுங்கள். முதலில் ஸ்விட்ச், பிறகு சேமிப்பு, அதன் பிறகு மூன்று பெட்டிகள். எது தானாக எழவில்லையோ அதன் பெயரை நோட்டில் சிவப்பு மையில் எழுதுங்கள். அதைச் சரிசெய்துவிட்டு அடுத்த மாதம் மறுபடி பிரேக்கரை இறக்குங்கள், இந்த முறை கடிகாரத்தை மற்றவர் பிடிக்கட்டும்.